கீழ் ரேக்கில் ஒரு நிமிடம்

ஜவுளிக்கடைக்கு ஆய்வுக்குப் போனால் முதலில் முகங்களைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள். முகங்கள் சிரிக்கும். சிரிப்பதற்கும் சேர்த்துத்தான் அங்கே சம்பளம். கால்களுக்கு யாரும் சிரிக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போய்ப் பார்த்தால், சேலைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பெண்களில் பலர் மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்கள். காலையில் சரியாக இருந்த மெட்டி சாயங்காலம் வீங்கிய விரலை நெரிக்கும். இந்த விஷயம் எனக்கு வேலையில் சேர்ந்து இருபத்தாறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. என்னைப் பெரிய அனுபவசாலி என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் தொழிலாளர் உதவி ஆய்வர்களுக்காக ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். சட்டப் பிரிவுகளை எழுதப்போவதில்லை, அவை உங்கள் செல்போனிலேயே கிடக்கின்றன. நான் ஜெயித்த வழக்குகளையும் எழுதப்போவதில்லை. அவற்றை என் பிரிவு உபசார விழாவில் ஆளாளுக்கு மைக்கைப் பிடித்துச் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் கெடுத்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். அதில் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. அவரை இன்னொரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்று இன்றைக்கும் ஏங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் இது கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் வரும்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்தபோது நான் ஓய்வு பெறச் சில வருடங்களே பாக்கி. என் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வேலைநிறுத்தம், கைது, நீக்கம், திரும்ப வேலைக்கு எடுத்தது என்று கதை கேட்டுக்கொண்டே சோறு தின்று வளர்ந்தவள் நான். எட்டு மணி நேர வேலைக்கும் உழுகிற நிலத்துக்கும் இந்த நாட்டில் எத்தனை பேர் அடி வாங்கினார்கள் என்று தெரியும். அப்படிப்பட்ட எனக்கு இந்தச் சட்டத்தைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டமா, இதில் போராட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் அப்படி நினைத்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்று. பெயர் வேண்டாம். ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம் அங்கே ஆய்வுக்குப் போனேன். வாசலில் ஜீப் நின்றதும் மேனேஜர் ஓடி வந்தார். உள்ளே நுழையும்போது ஸ்பீக்கரில், "மூணாம் மாடிக்கு ரெண்டு கேன் ஐஸ் வாட்டர்" என்று ஒரு பெண் குரல் அறிவித்தது. பாவம், மூன்றாம் மாடியில் யாருக்கோ தாகம் போல என்று நினைத்துக்கொண்டேன். ஏசி அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். காபி நன்றாக இருந்தது. அதைக் குடித்து முடித்து நான் மேலே ஏறியபோது ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் ஒரு புது ஸ்டூல் இருந்தது.

ஸ்டூல்களை எண்ணினேன். ஆட்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போயிற்று. சில ஸ்டூல்களில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. புதுசு, அதனால்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு பெண்ணிடம், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போதே, "உக்காருறீங்களாம்மா?" என்று கேட்டேன். "உக்காருறோம் மேடம்" என்றார். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஏசி போட்ட கடையில் ஏன் வேர்க்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. 'சட்டம் முறையாகப் பின்பற்றப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு மனசு நிறைவாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக் கட்ட ஒரு சேலை எடுக்க அதே கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜீப் இல்லை, ஃபைல் இல்லை, கையில் ஒரு மஞ்சப்பை. சேலைப் பிரிவில் எனக்குச் சேலை காட்டியவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சேலையில் குத்திய பேட்ஜில் 'மேரி' என்று இருந்தது. கழுத்தில் இஞ்ச் டேப்பை மாலை மாதிரிப் போட்டிருந்தார். நான் மாம்பழக் கலர் கேட்டேன்.

"மேல இருக்கறது இவ்வளவுதாம்மா. இருங்க, கீழ இருக்கான்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார்.

கவுண்டருக்கு அடியில் தரையை ஒட்டி ஒரு ரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் தேடப் போனவர் வரவேயில்லை. எனக்குப் பொறுமை கிடையாது, அது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். "அப்படி என்னம்மா தேடுறீங்க?" என்று கவுண்டர் மேல் கவிழ்ந்து எட்டிப் பார்த்தேன். அவர் எதையும் தேடவில்லை. ரேக்கில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பதறவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஒரு நிமிஷம்மா. நீங்க பாட்டுக்கு மேல இருக்கற சேலையப் பாருங்க. யாராச்சும் வந்து கேட்டா, சேலை தேடுதுன்னு சொல்லுங்க" என்றார்.

சொல்லி வாய் மூடுவதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். "மேரி எங்க மேடம்?" என்று என்னையே கேட்டார். பொய் சொல்ல வராது, ஆபீசர் பாருங்கள். திருதிருவென்று விழித்தேன். அதற்குள் மேரியே ஒரு சேலைப் பெட்டியோடு எழுந்து, "இந்தாங்கம்மா, நீங்க கேட்ட மாம்பழக் கலர்" என்று என் முன்னால் விரித்தார். கேட்ட கலர் அச்சு அசலாக அப்படியே இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு முதலிலேயே தெரியும்.

சூப்பர்வைசர் போனதும், "நான் லேபர் ஆபீஸ்" என்று மெதுவாகச் சொன்னேன். ஏதோ வரம் கொடுக்க வந்தவள் மாதிரிதான் சொன்னேன். மேரி என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீங்க அன்னைக்கு வந்து ஸ்டூல எண்ணுனவங்கதானே?"

"ஆமா."

"அது எல்லாம் அஞ்சாவது மாடி குடோன்ல இருக்கும்மா. உங்கள மாதிரி யாராச்சும் வந்தா எறக்குவாங்க. ஐஸ் வாட்டர்னு மைக்ல சொன்னா நாங்கதான் ஓடிப் போய்த் தூக்கிட்டு வரணும். நீங்க போனப்புறம் திரும்ப ஏத்தணும். தயவுசெஞ்சு அடிக்கடி வராதீங்க."

அன்றைக்கு அந்தப் பெண்ணின் நெற்றி ஏன் வேர்த்திருந்தது என்று அப்போது புரிந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மேரி சேலை மடித்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார், கோபமில்லாமல், கடை நிலவரம் சொல்கிற மாதிரி. சேலைப் பிரிவில் எட்டுப் பேர். இஞ்ச் டேப் ஒருவர் கழுத்திலிருந்து அடுத்தவர் கழுத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும். டேப் யார் கழுத்தில் இருக்கிறதோ, கீழ் ரேக்கில் தேடுகிற முறை அவருடையது. ஸ்பீக்கரில் கடை விளம்பரம் ஒரு தடவை ஓடி முடிகிற வரை உட்காரலாம், அது ஏறக்குறைய ஒரு நிமிடம். மற்றவர்கள் அவருடைய வாடிக்கையாளரைப் பார்த்துக்கொள்வார்கள். மாதவிலக்கு நாளில் இருப்பவருக்கும் மாசமாக இருப்பவருக்கும் இரண்டு தடவை. யார் ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாதாம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவர் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்ததாம்.

என்ன ஒரு ஏற்பாடு பாருங்கள். சட்டசபை கிடையாது, அரசிதழ் கிடையாது, ஆய்வர் கிடையாது. எட்டுப் பெண்களும் ஒரு டேப்பும். நானும் அந்தப் பக்கம் போய் அவர்களோடு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குள் ரிப்போர்ட் ஓட ஆரம்பித்துவிட்டது.

"எங்க பேரு மட்டும் வராம பாத்துக்கங்கம்மா. வீட்டுக்காரர் இல்ல. பொண்ணு காலேஜ் படிக்குது" என்றார் மேரி.

"கண்டிப்பா வராது. நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போதே முதல் பத்தி மனசுக்குள் தயாராகிவிட்டது.

மறுநாள் உதவி ஆணையர் கதையை முழுக்கக் கேட்டார். நல்ல மனிதர், ஆனால் காகிதத்தை மட்டும் நம்புகிறவர். "ஸ்டூல் இருக்குன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. இப்ப இல்லேன்னு நோட்டீஸ் குடுத்தா அவன் அந்தக் காகிதத்தத்தான் தூக்கிக் காட்டுவான். வலுவா ஆதாரம் வேணும். அன்னைக்கு நீங்க அங்க இருந்தீங்கங்கறதுக்கே முதல்ல ஆதாரம் வேணும்" என்றார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு இரண்டு வழி இருந்தது. ஒரு வாரம் பொறுத்து, ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, மைக்கில் ஐஸ் வாட்டர் கேட்பதற்கு முன்னால் நேராக ஐந்தாம் மாடி ஏறி, குடோனில் அடுக்கிவைத்த ஸ்டூல்களை போட்டோ எடுத்திருக்கலாம். யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. ஆனால் நான் போட்ட தப்புக் கையெழுத்து என்னை அரித்துக்கொண்டிருந்தது. அதை அன்றைக்கே அழித்தாக வேண்டும் என்ற அவசரம். உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். கீழ் ரேக், இஞ்ச் டேப், விளம்பரம் ஓடுகிற ஒரு நிமிடம், எல்லாவற்றையும் எழுதினேன். 'இருக்கை மறுக்கப்பட்டதால் பணியாளர்கள் சேலை தேடுவதுபோல் பாவனை செய்து தரையில் அமரும் அவலநிலை' என்றுகூட ஒரு வாக்கியம் வந்தது. எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்து ரசித்தேன். மேரியின் பெயரை எங்கேயும் போடவில்லை. அந்தத் தேதியில் நான் கடையில் இருந்ததற்கு ஆதாரமாக, சேலை வாங்கிய பில்லை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார் உதவி ஆணையர். நோட்டீஸோடு ரிப்போர்ட்டும் பில்லும் கடைக்குப் போயின.

மூன்று வாரம் கழித்து மறு ஆய்வுக்குப் போனேன். இந்தத் தடவை காபி வேண்டாம் என்று நேராக மேலே ஏறினேன். சேலைப் பிரிவு அடையாளமே தெரியவில்லை. கவுண்டரின் முன்பக்கத்துக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். கீழ் ரேக்குகளை மொத்தமாக எடுத்தாயிற்று. உள்ளே நிற்கிறவர்களின் பாதம் வரைக்கும் வெளியே தெரிந்தது. இஞ்ச் டேப்பை ஒரு கயிற்றில் கட்டி கவுண்டரின் மூலையில் ஆணியடித்திருந்தார்கள். ஸ்டூல்கள் இருந்தன, உறையும் பிரித்திருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே கேமரா இருந்தது. என்னைப் பார்த்ததும் ஏழு பெண்களும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்களே, அதைத் தலைகீழாகப் பார்த்த மாதிரி இருந்தது.

ஏழு பேர்தான் இருந்தார்கள்.

"மேரி எங்க?" என்று கேட்டேன். மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஓரத்தில் இருந்த பெண், மடித்த சேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"நீங்க வாங்குன பில்லுல யாரு வித்தாங்கன்னு நம்பர் இருக்கும் மேடம். பதினேழு. அது மேரி அக்கா நம்பர்."

மடித்த சேலையை அடுக்கில் வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"ஸ்டூல் குடுத்துட்டாங்க மேடம். நாங்க எப்ப உக்காருறோம், எவ்வளவு நேரம் உக்காருறோம்னு கேமரால பாத்து சாயங்காலம் கேள்வி கேக்குறாங்க. எங்களுக்குன்னு அந்த ஒரு நிமிஷம் இருந்துச்சு" என்றார் அவர்.

மேனேஜர் ஒரு கடிதத்தைக் காட்டினார். சொந்தக் காரணங்களால் தானே விலகுவதாக மேரி கையெழுத்துப் போட்டிருந்தார். "அவங்களாத்தான் எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க மேடம், நாங்க என்ன பண்றது?" என்றார். அவரிடம் நான் போட்ட சத்தம் கீழ்த் தளம் வரைக்கும் கேட்டிருக்கும். சத்தம் போட்டு என்ன ஆகப்போகிறது? மேரி வந்து புகார் கொடுத்தால்தான் வழக்குப் போட முடியும்.

திரும்பும் வழியில் ஜீப்பை மன்னார்புரத்தில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தச் சொல்லி, டிரைவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என் வயசுக்காரர், என்னோடு பதினொரு வருடம் ஓட்டியவர், என்னைக் கிண்டல் செய்கிற உரிமை உள்ளவர். டீயை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க மேடம். ஆபீசரா போன அன்னைக்கு சேலை வாங்க வந்த மாதிரி காபி குடிச்சிட்டு வந்தீங்க. சேலை வாங்கப் போன அன்னைக்கு ஆபீசரா வந்தீங்க."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு டீ உள்ளே இறங்கவில்லை.

அந்தக் கடிதத்தில் இருந்த விலாசத்தை வைத்துத் தேடிப் போனால், பாலக்கரையில் மேரியின் வீடு பூட்டியிருந்தது. பொண்ணை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டுத் தொட்டியத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முசிறி வழியாகத் தொட்டியத்துக்கு பஸ் ஏறினேன். வழி நெடுக வாழை. அண்ணனை வாழைக்காய் மண்டியில் கண்டுபிடித்தேன். லாரியில் தார் ஏற்றிக்கொண்டிருந்தவர் தோள்துண்டில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். நான் யார் என்று சொன்னேன். உங்கள் தங்கை ஒரு புகார் எழுதிக்கொடுத்தால் போதும், அந்த வேலையைத் திரும்ப வாங்கித் தருகிறேன், இல்லாவிட்டால் நான் இந்த வேலையில் இருக்கமாட்டேன் என்று ஏதேதோ பேசினேன்.

அவர் உள்ளே போய் போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

"கோவம் எல்லாம் இல்லையாம்மா. நீங்க நல்லவங்கதானாம், மனசுல கெட்டது ஒண்ணும் இல்லையாம். ஆனா மறுபடியும் எதையும் எழுத வேணாம்னு சொல்லச் சொல்லுச்சு" என்றார். "வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு சீப்பு பழம் கொண்டுபோங்க."

பழத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு முசிறி வரைக்கும் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் யாரோ செத்துப்போய்விட்டதாக நினைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கடை மீது வழக்கு நடந்தது, அபராதம் விதித்தார்கள், கேமராவைத் திருப்பி வைக்கச் சொன்னோம். அந்த வருடம் எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைத்தது. இன்று அந்தத் தெருவில் பல கடைகளில் பெண்கள் ஸ்டூலில் உட்காருகிறார்கள். சட்டம் வீண் என்று நான் சொல்லவேயில்லை, அப்படி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஸ்டூல்களுக்காக நான் சந்தோஷப்படுகிறேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தை ஒரு ஆளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது, அந்த ஆள்தான் இல்லை.

நீங்கள் ஆதாரம் தேடி அலைவீர்கள். அப்போது தொழிலாளிகள் தங்களுக்குள் ரகசியமாக உண்டாக்கி வைத்திருக்கிற சின்னச் சின்ன வசதிகள் உங்கள் கண்ணில் படும். அவை முதலாளிக்குத் தெரியாது என்பதால்தான் உயிரோடு இருக்கின்றன. பெயரை மறைத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று நான் நினைத்தேன். ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், இதை முதலாளி படித்தால் நாளைக் காலையில் எதைப் பிடுங்குவார் என்று ஒரு தடவை யோசியுங்கள். யோசிக்க ஒரு நிமிடம் போதும்.

ஓய்வு பெற்ற பிறகும் எந்த ஜவுளிக்கடைக்குள் போனாலும் என் கண் முதலில் கழுத்துகளைத்தான் தேடும். டேப் போட்ட கழுத்து தெரிந்தால் கிட்டப் போய்ப் பார்ப்பேன், வேறு யாரோவாக இருப்பார். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கடை யூனிஃபார்ம் சேலையோடு பெண்கள் நின்றுகொண்டு வருவார்கள். எழுந்து இடம் கொடுத்தால், "பரவாயில்லம்மா, நின்னு பழகிடுச்சு" என்பார்கள். மேரி ஒரு தடவை எனக்கு எதிரில் வந்து உட்கார வேண்டும், இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு காபி குடிக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அந்த மாம்பழக் கலர் சேலையை நான் கல்யாணத்துக்குக் கட்டவில்லை. அது பீரோவிலேயே கிடந்தது.

போன மாதம் என்னவோ தோன்றி, அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போகிற வழியில் ஒரு ஜவுளிக்கடையில் ஏறினேன். பிளவுஸ் பிட் எடுத்துத் தைக்கக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். கவுண்டரில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. கழுத்தில் டேப் இருந்தது.

"இந்தக் கலருக்கு பிட் இருக்காம்மா?"

"மேல இல்லம்மா. இருங்க, கீழ இருக்கான்னு பாக்குறேன்."

குனிந்தார். வரவில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை. கவுண்டர் மேல் கிடந்த துணிகளைப் புரட்டிக்கொண்டே, "ஸ்டூல் பக்கத்துலயே இருக்கேம்மா" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

கீழேயிருந்து பதில் வந்தது. "அதுல உக்காந்தா முதலாளிக்குத் தெரியும்மா. சும்மா இருக்கான்னு அடுத்த வேலை வந்துடும். இங்க தெரியாது."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"முன்னாடி இங்க மேரி அக்கான்னு ஒருத்தவங்க இருந்தாங்க. டேப் கழுத்துல இருந்தா நம்ம முறைன்னு அவங்கதான் பழக்கிவிட்டாங்க."

என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடையைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப எங்க இருக்காங்க?"

கீழேயிருந்து வந்த குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "நீங்க யாரும்மா? எதுக்குக் கேக்குறீங்க?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். முப்பது வருடம் ஆட்கள் என்னிடம் அந்தக் குரலில்தான் பேசியிருக்கிறார்கள். நான் யார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் சூப்பர்வைசர் வந்து கவுண்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம், "இங்க இருந்த ஆள் எங்கம்மா?" என்று கேட்டார்.

"சேலைக்கு பிட் தேடுது" என்றேன். "நான்தான் கீழ நல்லா தேடச் சொல்லியிருக்கேன்."

"வேற ஆள வரச் சொல்றேன்மா, வேற கலர் பாருங்க."

"வேற ஆளும் வேணாம், வேற கலரும் வேணாம். இந்தக் கலர்தான் வேணும். அவங்க தேடட்டும், எனக்கு அவசரம் இல்ல, நான் நிக்கிறேன்" என்றேன். என் பழைய ஆபீஸ் குரல் கொஞ்சம் வந்துவிட்டது போல. அவர் போய்விட்டார்.

"போயாச்சாம்மா?" என்று கீழேயிருந்து கேட்டது.

"போயாச்சு. நீங்க இருங்க."

அவர் உடனே எழவில்லை. பிறகு, தயங்கித் தயங்கி, "மேரி அக்காவ எங்கயாச்சும் பாத்தா என்னன்னு சொல்லணும்மா?" என்றார்.

விலாசம் கேட்டால் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

"மாம்பழக் கலர் வாங்குனவங்க வந்தாங்கன்னு சொல்லுங்க. சூப்பர்வைசர் கேட்டப்ப, சேலை தேடுதுன்னு இந்தத் தடவ சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க. அவங்களுக்குப் புரியும்."

ஸ்பீக்கரில் கடை விளம்பரம் ஓடி முடிந்து மறுபடியும் தொடங்கியது. அந்தப் பெண் கீழேதான் இருந்தார். எனக்கு முழங்கால் வலித்தது. நின்றுகொண்டிருந்தேன்.